ஏழுமலை அணைக்காத கற்பூரம்

போன மாதம் ஒரு நாள் காலை ஷர்மிளா போன் செய்தாள். திருவண்ணாமலையில் நான் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்த சிவில் நீதிமன்றத்தில், என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள். வராண்டாவில் நின்று குரலை அடக்கிப் பேசினாள்.

"மேடம், அடுத்த சாட்சி ஒரு வெள்ளைக்காரர். ஆசிரமத்துப் பக்கம் ரூம் எடுத்து இருக்கிறவர். காவி வேட்டி, ருத்திராட்சம், நெத்தியில பட்டை எல்லாம் இருக்கு. 'கடவுள் அறிய'ன்னு முன்கூட்டியே சொல்லிக்கொடுத்தேன். தனக்குக் கடவுள் நம்பிக்கையே இல்லன்றார் மேடம். என்ன பண்றது?"

"உளமார உறுதி கூறுகிறேன்னு சொல்லச் சொல்லும்மா. சட்டத்துல ரெண்டும் ஒண்ணுதான்."

"அப்புறம் எதுக்கு மேடம் பட்டை?"

"அது நம்ம வேலை இல்ல" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பதில் சரிதான். ஆனால் அதை அவ்வளவு உறுதியாகச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். ஒருவரைப் பார்த்ததும் அவருடைய சாமி எது, அது அவருக்குள் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்றெல்லாம் கணக்குப் போட்டு வாழ்ந்தவள் நான். அந்தக் கணக்கு தப்பிப்போன ஒரு வழக்கைப் பற்றி இதுவரை வீட்டில்கூடப் பேசியதில்லை.

பெஞ்ச் கிளார்க் என்பவர் நீதிபதியின் மேடைக்குக் கீழே உட்கார்ந்திருப்பவர். வழக்குக் கட்டுகளை எடுத்து வைப்பது, வாய்தா தேதியைக் குறிப்பது, சாட்சிக்குப் பிரமாணம் செய்து வைப்பது எல்லாம் அவர் வேலை. பரீட்சை எழுதி, நகல் பிரிவில் தட்டச்சராகச் சேர்ந்து பதின்மூன்று வருடம் தட்டினேன். அதில் சொல்ல ஒன்றுமில்லை. விரல்தான் தேய்ந்தது. அதற்குப் பிறகுதான் அந்த நாற்காலி கிடைத்தது.

டவாலி வாசலில் நின்று சாட்சியின் பெயரை மூன்று முறை கூப்பிடுவார். சாட்சி செருப்பைக் கழற்றிவிட்டுக் கூண்டில் ஏறுவார். கழற்ற வேண்டும் என்று யாரும் சொன்னதில்லை, முக்கால்வாசிப் பேர் கழற்றுவார்கள். நான் எழுந்து பெயர், தகப்பனார் பெயர், வயது, தொழில், ஊர் கேட்பேன். பிறகு பிரமாணம். "கடவுள் அறிய நான் சொல்வதெல்லாம் உண்மை, உண்மையைத் தவிர வேறில்லை." கடவுள் வேண்டாம் என்பவர்கள் அந்த இடத்தில் "உளமார உறுதியாக" என்று சொல்லலாம்.

யாருக்கு எதைச் சொல்லிக்கொடுப்பது என்று நானே முடிவு செய்துகொள்வேன். விபூதி, குங்குமம், தொப்பி, கழுத்துச் சிலுவை எது தெரிந்தாலும் கடவுள். கறுப்புச் சட்டை என்றால் உறுதி. யாரும் மறுத்துச் சொன்னதில்லை. அதனால் எனக்கு ஆள் பார்க்கத் தெரியும் என்று ஒரு நினைப்பு வந்துவிட்டது.

அந்த நினைப்பை முதலில் கலைத்தவர் ஒரு குருக்கள். தேரடி வீதிப் பக்கம் சின்னக் கோயில் ஒன்றில் பூஜை செய்பவர். ஒரு கடை வாடகைத் தகராறில் சாட்சி சொல்ல வந்திருந்தார். பஞ்சகச்சம், மேல்துண்டு, மார்பெல்லாம் விபூதி. நான் "கடவுள் அறிய" என்று தொடங்கியதும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இன்னொண்ணு இருக்காமேம்மா, அதையே சொல்றேன்."

"சாமி, அது நம்பிக்கை இல்லாதவங்களுக்கு."

"இருக்கட்டும். கடை வாடகைக்குப் போய் அவரைக் கூப்பிடுவாளா?"

கோர்ட்டே சிரித்தது. நானும் சிரித்தேன். மேடையில் இருந்த நீதிபதி மட்டும் சிரிக்கவில்லை.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். மெலிந்த மனிதர், கையில் எப்போதும் பென்சில். அதை அவரேதான் சீவுவார், சீவிய தூளை ஒரு காகிதத்தில் மடித்துக் கூடையில் போடுவார். மற்ற நீதிபதிகள் பிரமாணம் நடக்கும்போது அடுத்த வழக்குக் கட்டைப் புரட்டிக்கொண்டிருப்பார்கள். இவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுச் சாட்சியின் முகத்தைப் பார்த்தபடி முழுவதும் கேட்பார். அவசரமாக ஒப்பித்தால் "திரும்பச் சொல்லுங்க" என்பார். குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை.

குருக்கள் இறங்கிப் போன பிறகு சேம்பருக்குக் கூப்பிட்டார்.

"எதைச் சொல்லணும்னு நீங்களே முடிவு பண்றீங்களா?"

"பாத்தா தெரியும்ங்க ஐயா."

"என்ன தெரியும்?"

நெற்றியில் விரலை வைத்துக் காட்டினேன். "இனிமே கேட்டுட்டுச் சொல்லிக்கொடுங்க" என்றார். அவ்வளவுதான்.

அவர் முஸ்லிம். அவர் வந்த புதிதில் வெள்ளிக்கிழமை மதியத்துக்கு நானே வழக்குகளைக் கம்மியாகப் போட்டிருந்தேன். தொழுகைக்குப் போக வசதியாக இருக்கும் என்று. மூன்று வாரம் ஒன்றும் சொல்லவில்லை. நான்காவது வாரம் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, "வெள்ளிக்கிழமை மட்டும் ஏன் இவ்ளோ கம்மி?" என்றார். நான் இழுத்தேன். புரிந்துகொண்டார். "மத்த நாள் மாதிரியே போடுங்க" என்றார். அவர் தொழுகிறவரா, இல்லையா, வேறு நேரத்தில் தொழுவாரா என்பது அவர் மாறுதலாகிப் போகும்வரை எனக்குத் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை மதியங்களில் கதவைச் சாத்திக்கொண்டு தயிர்சாதம் சாப்பிடுவார் என்பது மட்டும் தெரியும்.

அவர் காலத்தில்தான் பச்சையம்மாள் வழக்கு வந்தது.

கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கிராமம். மாணிக்கம், ஏழுமலை என்று அண்ணன் தம்பி. அப்பா விட்டுப்போன நிலம் இரண்டு ஏக்கர் சொச்சம், அதில் ஒரு கிணறு. அண்ணன் மாணிக்கம் ஊரிலேயே இருந்து பயிர் செய்தார். தம்பி ஏழுமலை டவுனில் பஸ் டெப்போ மெக்கானிக். மாணிக்கம் இறந்துபோனார். பச்சையம்மாள் அவருடைய மனைவி. கல்யாணமாகாத ஒரு மகளோடு வேர்க்கடலையும் நெல்லும் போட்டு அந்த நிலத்தில் பிழைத்தவர். ஏழுமலை ஓய்வு பெற்றதும், நிலத்தைச் சரிபாதியாகப் பிரிக்க வேண்டும், கிணற்றுப் பக்கம் தனக்கு வேண்டும் என்று கேட்டார். தார் ரோடு அந்தப் பக்கம்தான் இருந்தது.

பச்சையம்மாள் வழக்குப் போட்டார். வருடங்களுக்கு முன்பே அண்ணனும் தம்பியும் வாய்மொழியாகப் பாகம் பிரித்துக்கொண்டார்கள், கிணற்றுப் பக்கம் அண்ணனுக்கு என்று பேச்சு என்பது அவருடைய வாதம். பத்திரம் கிடையாது. பட்டா இருவர் பெயரிலும் கூட்டாகவே இருந்தது. பேச்சு நடந்தபோது இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் செத்துப்போனார், இன்னொருவர் எதிரி. கிணறு போனால் அந்த அம்மாளுக்கு மிஞ்சுவது மானாவாரிக் காடு.

அவர் வாய்தாவுக்கு வரும்போதெல்லாம் முதலில் கோயிலுக்குப் போய்விட்டு, நெற்றி நிறைய விபூதியோடுதான் வருவார். பௌர்ணமி தவறாமல் மலை சுற்றுகிறவர். நானும் சுற்றுகிறவள்தான். ஒருமுறை கிரிவலப் பாதையில் எனக்கு முன்னால் வெறுங்காலோடு வேகமாகப் போய்க்கொண்டிருந்ததைப் பார்த்தேன். வழக்காடுகிறவரோடு வெளியே பேசக்கூடாது என்று பின்தங்கிவிட்டேன். ஆனால் மனசுக்குள் அன்றே தீர்ப்பு எழுதிவிட்டேன். இந்த அம்மாள் பொய் சொல்லமாட்டார்.

ஏழுமலை கறுப்புச் சட்டைக்காரர். வாலிபத்திலிருந்தே கடவுள் மறுப்பு. தீபத்துக்கு ஊரே மலையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடும்போது, வீட்டுக்குள் பேப்பர் படித்துக்கொண்டிருப்பாராம். வக்கீல்கள் அவர் பெயரை வைத்தே கிண்டல் செய்வார்கள். கூண்டில் ஏறியதும் கேட்டேன், "கடவுளா, உறுதியா?"

"உறுதிங்கம்மா."

உறுதி கூறினார். பாகப்பிரிவினை எதுவும் நடக்கவில்லை, நிலம் இன்றைக்கும் பொதுச் சொத்துதான் என்றார். பச்சையம்மாளின் வக்கீல் அரைமணி நேரம் குறுக்கு விசாரணை செய்தார். ஏழுமலை அசையவில்லை. ஒவ்வொரு கேள்விக்கும் கொஞ்சம் யோசித்து, அளந்து பதில் சொன்னார்.

அப்போது பின் பெஞ்சிலிருந்து பச்சையம்மாள் எழுந்துவிட்டார்.

"ஐயா, நான் ஒண்ணு சொல்லணும்."

"உக்காரும்மா" என்று வக்கீல் திரும்பி அதட்டினார். நீதிபதி கையமர்த்தி, "சொல்லட்டும்" என்றார்.

"அவரு அண்ணாமலையார் சன்னதில கற்பூரத்தைக் கொளுத்தி, கையால அணைச்சு, 'பாகம் பிரிக்கல'ன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும் ஐயா. நான் கேஸை வாபஸ் வாங்கிக்கிறேன். கெணறு, நெலம் எல்லாத்தையும் அவரே எடுத்துக்கட்டும்."

கோர்ட்டில் சிரிப்புச் சத்தம். அவர் வக்கீலுக்கு முகம் வெளுத்துப்போனது. "அம்மா, அவருக்குச் சாமியே கெடையாதும்மா. அவருக்கு அது வெறும் கற்பூரம்" என்று கிட்டே போய்ச் சொன்னார்.

"தெரியும்" என்றார் பச்சையம்மாள்.

நீதிபதி பென்சிலைக் கீழே வைத்தார். "கோர்ட்டு யாரையும் கோயிலுக்குப் போன்னு உத்தரவு போடாது. ரெண்டு பேரும் சம்மதிச்சா, அதை எழுதிக்கலாம்" என்று சொல்லிவிட்டு ஏழுமலையைப் பார்த்தார். "நீங்க என்ன சொல்றீங்க?"

ஏழுமலை கூண்டின் கட்டையைப் பிடித்தபடி நின்றிருந்தார். அவருடைய வக்கீல் பக்கத்தில் போய், "ஒத்துக்கங்க, அஞ்சு நிமிஷ வேலை" என்று சொன்னது என் காதிலேயே விழுந்தது.

"யோசிக்க டைம் வேணும்ங்க ஐயா" என்றார் ஏழுமலை.

ஒரு வாரம் வாய்தா.

அந்த வாரம் முழுக்க ஆபீசில் இதே பேச்சு. டவாலி, "கொள்கையாவது ஒண்ணாவது, ரோட்டோர நெலம் மேடம், ஓடிப்போய் அணைச்சுடுவான்" என்றார். டைப்பிஸ்ட், "வெளியதான் கறுப்புச் சட்டை, உள்ள எல்லாருக்கும் பயம்தான்" என்றாள். எனக்கும் அதுதான் தோன்றியது. சாமி இல்லை என்கிறவனுக்கும் அடிவயிற்றில் ஒரு பயம் இருக்கும், இல்லாவிட்டால் எதற்கு அவகாசம் கேட்கிறான்? பச்சையம்மாளுக்கு அது தெரிந்திருக்கிறது, அதனால்தான் அப்படிக் கேட்டிருக்கிறார் என்று நினைத்தேன். எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட இருந்தது. என் சாமி ஜெயிக்கப்போகிறது என்கிற மாதிரி.

இடையில் ஒரு நாள் ஏழுமலை நகல் மனு கொடுக்க வந்தார். என் மேசைப் பக்கம் வந்து நின்றார்.

"ஒண்ணு கேக்கலாமாம்மா? அன்னிக்கு நான் உங்க முன்னால உறுதி சொன்னேன். அதுக்கு மதிப்பு இல்லையா?"

"சட்டத்துல ரெண்டும் ஒண்ணுதாங்க."

"அப்ப எங்க அண்ணி ஏன் அதை எடுத்துக்கல?"

"அவங்களுக்குக் கோயில்தானேங்க நம்பிக்கை" என்றேன்.

"எனக்கு இல்லன்னு அவங்களுக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் நின்று, போய்விட்டார். குழம்பிப் போயிருந்தார். பயந்தவர் முகம் அப்படி இருக்காது என்று இப்போது தோன்றுகிறது. அன்று அதை நான் பயம் என்றே எடுத்துக்கொண்டேன்.

வாய்தா நாளில் கோர்ட் நிறைந்திருந்தது. வேறு வழக்குக்கு வந்தவர்கள்கூட வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்கள். ஏழுமலை அதே கறுப்புச் சட்டையில் கூண்டில் ஏறினார். மறுபடியும் உறுதிமொழி வாங்கினேன். இந்த முறை அவர் குரல் கம்மியாக இருந்தது. நீதிபதி "திரும்பச் சொல்லுங்க" என்றார். திரும்பச் சொன்னார்.

"கோயிலுக்குப் போகச் சம்மதமா?"

"இல்லைங்க ஐயா. நான் கோயில்ல சத்தியம் பண்ணமாட்டேன்."

வாசலில் முணுமுணுப்பு எழுந்து அடங்கியது.

"பாகம் பிரிஞ்சதுங்க ஐயா. கெணத்துப் பக்கம் அண்ணனுக்கு. அது அண்ணியோடது. எழுதிக்கங்க."

அவருடைய வக்கீல் கையிலிருந்த வழக்குக் கட்டை மேசை மேல் போட்டார். நீதிபதி போன வார வாக்குமூலத்தைப் புரட்டிப் பார்த்தார்.

"போன வாரம் இதே இடத்துல நின்னு நேர்மாறா சொன்னீங்க. புரியுதா?"

"புரியுதுங்க ஐயா."

"ரெண்டுல எது உண்மை?"

"இப்ப சொன்னதை எழுதிக்கங்க ஐயா."

அவர் கேட்டது ஒன்று, இவர் சொன்னது ஒன்று. நீதிபதிக்கும் அது தெரிந்தது. பென்சிலை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். பிறகு எழுதிக்கொள்ளச் சொன்னார்.

வாசலில் ஒருவர், "அண்ணாமலையாரே, அப்பா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்கும் கை எழுந்தது, அடக்கிக்கொண்டேன். பச்சையம்மாளைப் பார்த்தேன். ஜெயித்தவர் முகமாக இல்லை. பெஞ்சில் மெதுவாக உட்கார்ந்து, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு ஏழுமலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வாக்குமூலம் அச்சாகி வரப் பத்து நிமிடம் ஆனது. வேறொரு வழக்குக் கட்டை வைக்கச் சேம்பருக்குள் போனேன். நீதிபதி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்றார். அத்தனை வருடத்தில் ஒரு நீதிபதி என்னிடம் அப்படிக் கேட்டது அன்றுதான்.

"உள்ளுக்குள்ள பயம் இருந்திருக்கும்ங்க ஐயா. சாமி பயம்."

"பயந்தவர் கோயிலுக்கு வரமாட்டேன்னு மட்டும் சொல்லியிருக்கலாமே. மறுத்ததுக்காக நான் நிலத்தைப் பிடுங்கியிருக்க முடியாது. பத்திரம் இல்ல, சாட்சி இல்ல, அந்த அம்மா கேஸ் நிக்காது. அவர் வக்கீல் அதை அவருக்குச் சொல்லாம இருந்திருப்பாரா?"

நான் அதை யோசிக்கவே இல்லை. சும்மா இருந்திருந்தாலே ஏழுமலைக்கு நிலம் கிடைத்திருக்கும்.

அச்சான தாளை எடுத்துக்கொண்டு வந்தேன். சாட்சி படித்துப் பார்த்து ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட வேண்டும். ஏழுமலை என் மேசை ஓரம் குனிந்து, வரி வரியாகப் படித்தார். ஓர் எழுத்துப் பிழையைக்கூடச் சுட்டிக் காட்டினார். திருத்தி முத்திரை வைத்தேன். பேனாவைக் கொடுக்கும்போது என்னால் அடக்க முடியவில்லை. கேட்கக்கூடாது, கேட்டேன்.

"நெஜமாவே பாகம் பிரிச்சீங்களா?"

அவர் நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார். "எங்க அண்ணன் அவங்ககிட்ட அப்படிச் சொல்லியிருக்காரு. அவங்க கும்பிடுற சாமிக்கு முன்னால நின்னு, எங்க அண்ணன் பொய் சொன்னாருன்னு என்னைச் சொல்லச் சொல்றீங்களா?"

கையெழுத்துப் போட்டார். இரண்டு பக்கம், இரண்டு கையெழுத்து. பேனாவை மூடி என் முன்னால் வைத்துவிட்டு நகர்ந்தார்.

நான் அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்படியானால் பாகம் பிரியவே இல்லையா? முதலில் சொன்னதுதான் உண்மையா? சாமி இல்லை என்கிற ஒருவர், உளமார உறுதி கூறி ஒரு பொய்யைச் சொல்லி, அண்ணன் பேச்சைக் காப்பாற்றப் ரோட்டோர நிலத்தை விட்டுக்கொடுத்தாரா? இல்லை, முதல் நாள் பொய் சொல்லிவிட்டு, அது உறுத்தி, ஒத்துக்கொள்ள வெட்கப்பட்டு இப்படிப் பேசுகிறாரா? இரண்டு வாக்குமூலமும் என் கையால் கட்டில் சேர்ந்தவை. இரண்டுக்கும் உறுதிமொழி வாங்கியவள் நான்.

பச்சையம்மாள் என் மேசைக்கு வந்தார். கோர்ட் கிட்டத்தட்டக் காலியாகியிருந்தது.

"அம்மா, எனக்கு ஒண்ணு தெரியணும். பாகம் பிரிச்சப்ப நான் அங்க இல்ல. எங்க வூட்டுக்காரர் வந்து சொன்னாரு, நான் நம்புனேன். சாகறதுக்கு முன்னாடி அவர்கிட்ட ஒருவாட்டி கேட்டேன், மொகத்தைத் திருப்பிக்கிட்டாரு. அப்பலேர்ந்து எனக்கு மனசு சரியில்ல. ஏழுமலை நெலத்துக்காக இல்லாத சாமியைக் கும்பிடுற ஆளு இல்ல. எனக்கு அந்தச் சாமி எவ்ளோ பெருசுன்னு அவனுக்குத் தெரியும். அது முன்னால கேட்டா அவன் என்கிட்ட நெஜத்தைச் சொல்லிடுவான்னுதான் அப்படிக் கேட்டேன்."

கையிலிருந்த தாளைக் கட்டுக்குள் வைத்தேன்.

"இப்ப கையெழுத்துப் போடறப்ப உங்ககிட்ட ஏதோ சொன்னானே. என்னம்மா சொன்னான்?"

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றியில் காலையில் பூசிய விபூதி வியர்வையில் பாதி கரைந்திருந்தது. எனக்கு வலப்பக்கம் இரண்டடி தூரத்தில் கூண்டு இருந்தது.

"ஒண்ணுமில்லம்மா" என்றேன். "எங்க கையெழுத்துப் போடணும்னு கேட்டார்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

அவர் தலையாட்டினார். நம்பினாரா என்று எனக்குத் தெரியவில்லை. பையை எடுத்துக்கொண்டு, வாசலில் விட்டிருந்த செருப்பை மாட்டி, கீழ்பென்னாத்தூர் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார்.